அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா? கொங்கு நாட்டிலிருந்து டைவிங் கிளம்புகிறவர்களுக்கு

திருப்பூரில் போனஸ் பேச்சு தொடங்கியதுமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்ணா, அந்தமான் போலாமுங்களா, மாலத்தீவு போலாமுங்களா?" கேட்கிறவர் அநேகமாக முந்தின நாள் ராத்திரி ஒரு வீடியோ பார்த்திருப்பார். நீலத் தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆமை, முதுகில் சிலிண்டர். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த மாசமுங்க?" அந்த இடத்திலேயே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

இந்த வருடம் மூன்று கேள்விகள். பல்லடத்தில் புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி, பொங்கல் லீவில் போகிறார்கள், மனைவிக்கு நீச்சல் தெரியாது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக் குடும்பம், எட்டு டிக்கெட், அதில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள், மே மாதம். கோவையில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள், டைவிங் சர்டிபிகேட் ஏற்கெனவே கையில், ஆடியில்தான் லீவு. மூன்று பேருக்கும் ஒரே தீவைச் சொன்னால் இரண்டு பேர் என்னைத் திட்டுவார்கள்.

## முதலில் காலண்டர்

நம் ஊரில் லீவு என்பது நாம் வைத்ததல்ல. பனியன் கம்பெனி மூடும் தீபாவளி வாரம், பொங்கல், பிள்ளைகளின் முழுப் பரீட்சை விடுமுறை, ஆடிப்பெருக்கு. கடலுக்கும் அதன் சொந்தக் காலண்டர் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்:

| லீவு | அந்தமான் | லட்சத்தீவு | மாலத்தீவு | திருகோணமலை |
|---|---|---|---|---|
| தீபாவளி வாரம் | மழை, புயல் பயம் | பரவாயில்லை | பரவாயில்லை | வேண்டாம் |
| பொங்கல் | நன்று | நன்று | மிக நன்று | வேண்டாம் |
| ஏப்ரல் முதல் மே நடு வரை | மிக நன்று | நன்று | ஏப்ரலில் நன்று | நன்று |
| ஆடி | வேண்டாம் | வேண்டாம் | மழைக்கு நடுவே | மிக நன்று |

காரணம் எளிது. தென்மேற்குப் பருவக்காற்று மே மூன்றாவது வாரத்திலேயே அந்தமானைத் தொட்டுவிடும், ஜூன் தொடக்கத்தில் லட்சத்தீவை. இலங்கையின் கிழக்குக் கரை அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அதனால் இங்கே சிறுவாணியில் மழை கொட்டும் மாதங்களில் அங்கே கடல் தட்டையாகக் கிடக்கும்.

## எத்தனை நாள்? அந்தப் பதினெட்டு மணி நேரம்

டூர் பேக்கேஜ் விற்பவர்கள் பலர் சொல்லாத கணக்கு இது. ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கோலி சோடாவைத் திறந்ததுபோல ரத்தத்துக்குள்ளேயே குமிழி கட்டும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரம், பல முறையோ பல நாளோ மூழ்கியவர் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியின் காற்றழுத்தம். ஆகவே விமானத்துக்குச் சொன்னது மலைப் பாதைக்கும் பொருந்தும். மலைகள் சூழ்ந்த நாம் இதை மறக்கக் கூடாது. கடைசி டைவ் முடிந்ததும் காரிலேயே ஒரு மலைவாசஸ்தலத்தை 'முடித்துவிட்டு' வரும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு.

ஆக, ஐந்து நாள் பயணத்தில் முதல் நாளும் கடைசி நாளும் டைவிங்குக்கு இல்லை. மிஞ்சுவது மூன்று. அதற்காக எத்தனை விமானம், எத்தனை படகு மாறுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## யார் இறங்குகிறார்கள், யார் கரையில் உட்காருகிறார்கள்

சர்டிபிகேட் இல்லாதவர் இன்ஸ்ட்ரக்டரின் பிடியில் ஒரு முறை இறங்கிப் பார்க்கலாம், அதிகபட்சம் 12 மீட்டர். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. முதல் சர்டிபிகேட்டுக்கான ஓப்பன் வாட்டர் படிப்பு மூன்று நான்கு நாள் எடுக்கும். பத்து வயதிலிருந்து சேரலாம், பெரியவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் அட்வான்ஸ்டு, 30 மீட்டர்.

நீச்சல் என்றதும் நம்மவர்கள் சொல்வது: "நாங்க கெணத்துல குதிச்சு வளந்தவிங்க." நானும்தான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் விட்ட வருடங்களில் எங்கள் தோட்டத்துக் கிணறு மேலேறி வரும். மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து, அடியில் கல்லைத் தொட்டுவிட்டு வருவது பந்தயம். தண்ணீர் பயம் போனது அங்கேதான். ஆனால் கிணறு கற்றுக்கொடுத்த ஒன்றைக் கடலில் மறக்க வேண்டியிருந்தது. கிணற்றில் மூச்சைக் கட்டினால்தான் வீரன். ஸ்கூபாவில் மூச்சைக் கட்டுவதுதான் முதல் குற்றம். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் நிரப்பிய காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் என் மாஸ்க்குக்கு நேரே விரலை ஆட்டி, "விடு, விடு" என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தார். நீச்சலே தெரியாத என் மனைவிக்கு அந்தச் சிக்கல் வரவில்லை.

இன்னொன்று, நூல் மில், ஜின்னிங் பக்கம் வேலை செய்கிறவர்கள். பஞ்சுத் தூசியால் இளைப்பு, விசில் சத்தம் இருந்தால், உடல்நலப் படிவத்தில் 'இல்லை' என்று டிக் போட்டுவிடாதீர்கள். ஆஸ்துமா, காதுக் கோளாறு, இதயச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் டாக்டரின் கையெழுத்து வேண்டும். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். தீவுக்குப் போய், பணமும் கட்டிய பிறகு திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எட்டுப் பேரில் மூன்று பேர்தான் மூழ்கப்போகிறார்கள். மிச்சம் ஐந்து பேர் நாளெல்லாம் என்ன செய்வார்கள், என்ன சாப்பிடுவார்கள்?

## அந்தமான்

முதன்முறை போகிறவர்களுக்கு என் வாயில் முதலில் வருவது இதுதான். கோவையிலிருந்து சென்னை அல்லது பெங்களூரு போய் மாற வேண்டும். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கும் ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், எல்லோர் வாயிலும் இன்னும் போர்ட் பிளேயர்தான். ஹேவ்லாக் தீவுக்கும் 2018 கடைசியில் சுவராஜ் தீவு என்று பெயர் மாறியது. டைவிங் பெரும்பாலும் அங்கே. போர்ட் பிளேயரிலிருந்து தனியார் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இன்னும் கூட.

பாஸ்போர்ட் வேண்டாம், பெர்மிட் வேண்டாம். மொழிப் பிரச்சினை அறவே இல்லை. போர்ட் பிளேயர் கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், காலையில் இட்லி சாம்பார் கிடைக்கும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு போனும் வேலை செய்கிறது, மண்டியையும் கம்பெனியையும் அங்கிருந்தே பார்க்கலாம். அது நல்லதா என்பது வேறு விஷயம்.

கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் தொடங்குவார்கள். படகு தேவையில்லை. கரையிலிருந்து சிலிண்டரோடு நடந்தே போகலாம். முழங்கால், இடுப்பு, கழுத்து, அப்புறம் உள்ளே. தண்ணீர் மாஸ்க்கின் கண்ணாடியைத் தாண்டும் அந்த நொடியில் வெளிச் சத்தம் முழுக்க நின்று, உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். என் மச்சான் அங்கே முதல் கோமாளி மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நமக்கு அது 'சூப்பர்'. டைவிங்கில் அதற்கு 'மேலே போகணும்' என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டர் மறுபேச்சில்லாமல் அவரை மேலே கொண்டுவந்துவிட்டார். கட்டிய பணத்துக்கு நான்கு நிமிடம்.

தேர்ந்தவர்களுக்கு டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற ஆழமான இடங்கள் இருக்கின்றன, மீன் கூட்டம் திரளும். ஆனால் நீரோட்டம் உண்டு, நல்ல கடல் அமைய வேண்டும்.

மறைவான செலவு படகில் இருக்கிறது. போக வர எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டால் அதுவே ஒரு கோவை–சென்னை விமானச் செலவுக்குப் பக்கத்தில் வரும். பேக்கேஜில் 'ஸ்கூபா சேர்த்து' என்று இருந்தால், எத்தனை நிமிடம், எத்தனை மீட்டர், ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் தனியாகவே டைவ் மையத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

நான் சூடு பட்டது வேறு விதத்தில். ஒரு நவம்பரில், கடைசி நாள் காலை ஹேவ்லாக் ஜெட்டியில் பெட்டிகளோடு நின்றோம். கடல் சரியில்லை, படகு ரத்து. மதிய விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேருக்குப் புதிய டிக்கெட். அன்றிலிருந்து கடைசி இரவை எப்போதும் போர்ட் பிளேயரில்தான் வைப்பேன். முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்பிவிட்டால் பதினெட்டு மணி நேரக் கணக்கும் தானாக நிறைவேறும், மாலையில் செல்லுலார் சிறையையும் பார்த்துவிடலாம்.

## லட்சத்தீவு

2024 ஜனவரியில் பிரதமர் போய் வந்த பிறகு இதைப் பற்றிக் கேட்பவர்கள் பல மடங்கு. வரைபடத்தில் பார்த்தால் நமக்கு மிகப் பக்கம். கோவையிலிருந்து குதிரான் சுரங்கம் வழியாகக் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி நாலு மணி நேரம், அங்கிருந்து அகத்தித் தீவுக்குச் சின்ன விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான், பெரிய விமானம் இறங்காது. அதனால் இருக்கைகள் குறைவு, விலை அதிகம், லக்கேஜ் கட்டுப்பாடு இறுக்கம். கொச்சியிலிருந்து கப்பலிலும் போகலாம், தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம்.

இங்கே கடல் அந்தமானை விடத் தெளிவு. இவை பவளத்தின் மேல் எழுந்த தீவுகள், ஆறு கிடையாது, சேறு வராது. தீவைச் சுற்றிய காயல் குளத்து நீர்போல அசையாமல் இருக்கும். மூழ்காத பெரியவர்களும் குழந்தைகளும் முழங்கால் தண்ணீரில் நின்றே மீன் பார்க்கலாம். அந்த ஐந்து பேருக்கான சிறந்த பதில் இதுதான். ஆனால் 2024 கோடையில் கடல் சூடேறிப் பவளம் பெருமளவில் வெளுத்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் அப்படி நடந்திருக்கிறது. பழைய வீடியோவில் இருக்கும் வண்ணத் தோட்டம் அப்படியே இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆமைக்கும் திருக்கைக்கும் குறைவில்லை.

சிக்கல் பெர்மிட். இந்தியக் குடிமகனுக்கே நுழைவு அனுமதி வேண்டும், எந்தத் தீவு என்று அதில் எழுதியிருக்கும். 36 தீவுகளில் மக்கள் வாழ்வது பத்தில்தான், சுற்றுலாப் பயணிக்குத் திறந்தவை அதிலும் சில. தங்கும் இடமோ டைவ் மையமோதான் வழக்கமாக எடுத்துத் தரும். பெர்மிட் கைக்கு வராமல் விமான டிக்கெட் போடாதீர்கள். பங்காரம் தீவு தவிர மற்ற இடங்களில் மது இல்லை. சாப்பாடு சூரை மீன், தேங்காய், சோறு. சுத்த சைவக் குடும்பம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், காய்கறி கொச்சியிலிருந்து வந்தால்தான் உண்டு. உடம்புக்குப் பெரிதாக ஏதாவது ஆனால் கொச்சிக்குத்தான் கொண்டுவர வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களோடு போகும்போது இதையும் யோசியுங்கள்.

## மாலத்தீவு

மீன் பார்ப்பதற்கு என்றால் இந்த நான்கில் இதுதான் முதலிடம், தயங்காமல் சொல்வேன். 2010இலேயே சுறா பிடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள், இன்று சுறாக்கள்தான் அங்கே வருமானம். தெற்கு அரி பவளத்தீவில் திமிங்கலச் சுறா, ராஸ்தூவில் சுத்தியல் தலைச் சுறா, ஃபுவாமுலாவில் புலிச் சுறா.

ஆனால் இவை ஓப்பன் வாட்டருக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு. நல்ல இடங்கள் பல, தீவுகளுக்கு இடையிலான வாய்க்கால்களில் இருக்கின்றன. கீழ்பவானி வாய்க்காலில் மதகு திறந்த அன்று இறங்கிய மாதிரி நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். சர்டிபிகேட் இல்லாமல் போனால் விடுதிக்கு முன்னால் உள்ள ஆழமற்ற பகுதியில்தான் இறக்குவார்கள். அதற்கு ஹேவ்லாக் போதும், பாதி செலவில்.

நுழைவு சுலபம். இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவச விசா. கொச்சி, திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மாலே. செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பில்லில் சுற்றுலா வரி 17 சதவீதம், சேவைக் கட்டணம் 10 சதவீதம். தலைக்கு ஓர் இரவுக்குப் பசுமை வரி, ரிசார்ட்டில் 12 டாலர், சிறிய கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். இருவர் ஐந்து இரவு ரிசார்ட்டில் தங்கினால் அந்தப் பசுமை வரி மட்டும் 120 டாலர். அப்புறம் மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் கட்டணம். கடல் விமானம் பகலில்தான் பறக்கும். சாயங்காலம் இறங்கினால் ஓர் இரவு மாலே பக்கம் தண்டம்.

என் ஆலோசனை, ரிசார்ட்டை விட்டுவிட்டு மக்கள் வாழும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுங்கள், ஸ்பீடு போட்டில் போங்கள். அங்கே மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை. ஆடியில் போகிறவர்கள் ஹனிஃபாரு வளைகுடாவின் மந்தா திருக்கைகளைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியில்லை, மேலே மிதந்துதான் பார்க்கலாம்.

## திருகோணமலை

இதை யாரும் கேட்பதில்லை, நான்தான் சொல்கிறேன். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து சாலையில் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரம்தான் இதன் குறை. பாஸ்போர்ட்டும் ஆன்லைன் முன்னனுமதியும் வேண்டும்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, தேசியப் பூங்கா. ஆழமற்ற பவளம், சின்னக் கருமுனைச் சுறாக்கள், மூச்சு விடும் ஸ்நார்க்கல் குழாய் மட்டும் போதும். டைவ் தெரிந்தவர்களுக்கு ஈர்ப்பு சுவாமி மலை. மேலே கோணேசுவரர் கோயில், கீழே கடலுக்குள் பழைய கோயிலின் தூண்களும் கற்களும். போர்ச்சுகீசியர் இடித்துத் தள்ளியவை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார்கள். மேலே அம்மா அர்ச்சனைத் தட்டோடு நிற்க, நேர் கீழே மகன் செதுக்கிய கல்லைத் தடவிக்கொண்டிருக்கலாம். வேறெந்தத் தீவிலும் எனக்கு இது கிடைத்ததில்லை. படகுக்காரரிடம் தமிழிலேயே பேசலாம், அவர் தமிழ் நம் காதுக்குப் பழக அரை நாள் ஆகும்.

## இரண்டு வார்த்தையில் இன்னும் இரண்டு

கர்நாடகத்து முருடேஸ்வரத்துக்கு எதிரே நேத்ராணித் தீவு. தங்க முடியாது. படகில் போய்க் குதித்து, படகிலேயே திரும்புவது. வார இறுதியில் ஒரு தடவை பார்த்துவிட ஏற்றது, குமட்டல் மாத்திரை அவசியம். திரும்பும்போது மங்களூரு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் வாருங்கள், பாதை முழுக்கத் தாழ்வு. காரில் மடிக்கேரி ஏறினால் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுவீர்கள்.

தாய்லாந்தின் கோ தாவ், ஓப்பன் வாட்டர் படிப்புக்கு உலகப் புகழ். பத்து நாள் லீவு இருப்பவருக்கு.

## கேட்டவர்களுக்குச் சொன்னது

பல்லடத்து ஜோடிக்கு ஹேவ்லாக். கரையிலிருந்தே நடந்து இறங்கலாம் என்றதும் மனைவி போனை வாங்கி, "நெசமாலுமே நீச்சல் வேண்டாமுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஈரோட்டுக் குடும்பத்துக்கு லட்சத்தீவு சொல்லத்தான் ஆசை. ஆனால் பெரியவர் ஒருவருக்குப் போன வருடம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, எட்டுப் பேருமே சைவம். அந்தமான் என்றேன், மே முதல் வாரத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லி.

நான்கு நண்பர்களுக்குத் திருகோணமலை. அவர்கள் போட்டுவைத்திருந்த திட்டத்தில் மூன்று நாள் டைவிங், மறுநாள் விடியற்காலை நேரே நுவரெலியா. அது 1,800 மீட்டருக்கு மேல். மலையை முதலில் வைத்து, கடலைக் கடைசியில் வைத்து, கொழும்பில் ஓர் இரவு சேர்க்கச் சொன்னேன். ஒரு நாள் லீவு கூட எடுக்க வேண்டும் என்கிறார்கள். மேனேஜரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.